முத்துப் பாரிலிருந்து வர்த்தமானி வரை: கற்பிட்டிக் கடலும் உயிரியல் படிப்பும்

1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து மஃபர் கரைக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பல் காற்றினால் திசைமாறி இலங்கையின் மேற்குக் கரையில் ஒதுங்கியது. அவர் வந்திறங்கிய பட்டினத்தை அவர் ‘பத்தாலா’ என்று எழுதியிருக்கிறார். அது புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. கரையெங்கும் ஆற்று வெள்ளம் அடித்துக் கொண்டுவந்த கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததையும், ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னிலையில் முத்துக்கள் தரம் பிரிக்கப்பட்டதையும் அவர் குறித்து வைத்தார். பின்னர் பாவாத மலைக்குப் போகும் வழியில் அட்டைகளைக் கண்டார். கடிபட்டால் பிழிந்துவிடுவதற்கென்று அவ்வூரார் எலுமிச்சம்பழத்தைக் கையோடு வைத்திருப்பார்கள் என்று எழுதினார். குரங்குகளுக்கு ஒரு தலைவன் இருப்பதாகவும், அது இலைகளால் தலைப்பாகை கட்டியிருப்பதாகவும், அதன் இருபக்கமும் தடியேந்திய குரங்குகள் நிற்பதாகவும் எழுதினார்.

அட்டையும் எலுமிச்சையும் அவர் கண்டது. தலைப்பாகை கட்டிய குரங்கு அவர் கேட்டது. ஒரே ஏட்டில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. கண்டதையும் கேட்டதையும் பிரித்தறிவதுதான் பிற்காலத்தில் விலங்கியல் என்றும் வனஜீவராசிகள் உயிரியல் என்றும் பல்கலைக்கழகங்களில் குடியேறிய துறையின் முதற்பாடம். அந்தப் பாடத்துக்கும் கற்பிட்டி, புத்தளம், முசலிக் கரையோர முஸ்லிம்களுக்கும் உள்ள தொடர்பு பற்றியே இக்கட்டுரையில் சிந்திக்க விரும்புகிறேன். நான் கற்பிட்டியில் பிறந்தவன். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவன். பின்னர் பல வருடங்கள் உயிரியல் கற்பித்தவன். ஆகவே இது முற்றிலும் வெளியே நின்று எழுதும் வரலாறு அன்று.

எமக்கு முன்னால் இருந்த ஏடுகள்

உயிரினங்களைப் பற்றிய படிப்பு மேற்கிலிருந்து வந்த புதுச்சரக்கு என்ற எண்ணம் எம்மவரிடையே உண்டு. பஸ்றாவில் வாழ்ந்து 868இல் மறைந்த அல்-ஜாஹிள் ‘கிதாபுல் ஹயவான்’ என்ற பெருநூலை எழுதினார். பதினான்காம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்து 1405இல் மறைந்த அத்-தமீரி ‘ஹயாத்துல் ஹயவான்’ என்ற விலங்குக் கலைக்களஞ்சியத்தை அகர வரிசையில் தொகுத்தார். ஒவ்வொரு விலங்கின் பெயர், அதன் இயல்பு, அதைப் பற்றிய பழமொழி, அதை உண்பது குறித்த மார்க்கச் சட்டம், கனவில் கண்டால் என்ன பொருள் என்பது வரை அதிலே இருக்கிறது.

அந்த நூலில் ‘கடற்பன்றி’ என்று ஒரு தலைப்பு உண்டு. இமாம் மாலிக் அவர்களிடம் கடற்பன்றியைப் பற்றிக் கேட்டபோது, அதைப் பன்றி என்று அழைப்பது நீங்கள்தானே என்ற கருத்தில் அவர் பதிலளித்ததாக அத்-தமீரி குறிப்பிடுகிறார். அது டொல்பின் என்பதே பிரபலமான கருத்து என்றும் சொல்கிறார். பெயர் வேறு, பொருள் வேறு என்ற தெளிவு அந்தப் பதிலில் இருக்கிறது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் களப்பிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் ஒரு பிராணியைத் தமிழ்ப் புத்தகங்கள் கடற்பசு என்கின்றன. பாக்கு நீரிணையின் மறுகரையிலே ஆவுளியா என்பார்கள். சிங்களத்தில் அதன் பெயர் ‘முஹுது ஊரா’, அதாவது கடற்பன்றி. உடலமைப்பைப் பார்த்தால் அது பசுவுக்கும் உறவில்லை, பன்றிக்கும் உறவில்லை. உயிரியலின்படி அதன் நெருங்கிய உறவு யானை. மூன்று சமூகங்கள் மூன்று பெயரிட்டு அழைத்த அந்த ஒரே பிராணி அருகிக்கொண்டு போன கதையைப் பின்னர் சொல்வேன்.

சிப்பியை எண்ணியவர்கள்

இலங்கைக் கடலில் நவீன விஞ்ஞானம் முதலில் இறங்கியது முத்துக்காகத்தான். முத்துக்குளிப்பு சில வருடம் அள்ளிக் கொடுக்கும். பல வருடம் ஒன்றுமே தராது. பார்களிலே சிப்பி ஏன் தோன்றுகிறது, ஏன் மறைகிறது என்று அறிய அரசாங்கம் விரும்பியது. (பார் என்றால் கடலடிப் பாறைத்தட்டு என்று எம் கடலோடிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. பெரிய பார், மோதரகம் பார் என்று ஆங்கிலேயர் தம் வரைபடங்களிலும் அந்தச் சொல்லையே எழுதிக்கொண்டார்கள்.)

கொழும்பில் பிறந்து எடின்பரோவில் மருத்துவம் படித்த எட்வர்ட் பிரெட்ரிக் கெலார்ட் என்பவர் 1852இல் இலங்கை விலங்குகளைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டிருந்தார். 1857இலிருந்து முத்துச்சிப்பி பற்றிய அறிக்கைகளை அரசாங்கத்துக்கு எழுதினார். சிப்பி தன்னைப் பாறையோடு பிணைத்திருக்கும் நாரைத் தானே அறுத்துக்கொண்டு வேறிடம் நகரக் கூடியது என்று அவர் கண்டறிந்தார். 1860இல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கப்பலிலேயே அவர் காலமானார்.

1902இல் லிவர்பூலைச் சேர்ந்த பேராசிரியர் ஹேர்ட்மன் வந்தார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹோர்ணெல் இங்கே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். அவர்களுடைய அறிக்கை 1903க்கும் 1906க்கும் இடையில் ஐந்து தொகுதிகளாக லண்டன் றோயல் சொசைட்டியால் வெளியிடப்பட்டது. ஒட்டுண்ணிப் புழுவின் குடம்பியைச் சுற்றியே நல்முத்து விளைகிறது என்பது ஹேர்ட்மனின் கொள்கை. பிற்கால ஆய்வுகள் அதை அப்படியே ஏற்கவில்லை.

1905ஆம் வருட முத்துக்குளிப்பு மிகப் பெரியது. ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதற்கான பட்டினம் ஓலையாலும் கம்பாலும் எழுந்த இடம் மரிச்சுக்கட்டி. கீழக்கரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்களும், பஹ்றைன் முதலிய வளைகுடாக் கரைகளிலிருந்து வந்த அரபிகளுமாக ஆயிரக்கணக்கில் சுழியோடிகள் அங்கே கூடினர். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. மூன்றில் ஒரு பங்கு சுழியோடிக்கும் தோணிக்கும். அடுத்த வருடமே பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டன. 1907க்குப் பின் சிப்பி அற்றுப் போயிற்று. 1925இல் ஒருமுறை பெரிதாகக் குளித்ததோடு அந்தத் தொழில் அநேகமாக முடிவுக்கு வந்தது.

இந்த அறிக்கைகளை நான் மாணவனாக இருந்தபோது நூலகத்திலே புரட்டியிருக்கிறேன். சிப்பியின் ஒவ்வோர் உறுப்புக்கும் படம் உண்டு. பாரின் ஆழம், நீரோட்டம், மணலின் தன்மை எல்லாம் உண்டு. அவற்றில் பெரும்பகுதி சுழியோடிகளுக்கும் தண்டல்மாருக்கும் ஏற்கனவே தெரிந்த விடயம். அவர்கள் மூச்சடக்கி இறங்கிக் கொண்டுவந்து கொடுத்த சிப்பியும் தகவலும் இல்லாமல் அந்த ஐந்து தொகுதிகளும் இல்லை. ஆனால் நூலின் முகப்பில் அவர்கள் இல்லை. இதில் வெறும் கோபத்துக்கு இடமில்லை. தெரிந்தது வேறு, தெரிந்ததை அளந்து, எழுதி, மற்றவன் சரிபார்க்கும்படி வைப்பது வேறு. அந்த இரண்டாவது வேலையை எம்மவர் செய்யவில்லை. செய்யக் கூடிய பள்ளிக்கூடம் எமக்கு அப்போது இருக்கவுமில்லை.

செய்யக் கூடியவர் ஒருவர் எங்கள் ஊரிலேயே பிறந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் ‘இலங்கை கஸற்றியர்’ என்ற நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஊர், ஆறு, தீவு, குடிகள், விளைபொருள் என்று இந்நாட்டை முதன்முதலாக அகரவரிசையில் ஒழுங்குபடுத்தியவர் அவரே. பின்னர் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் எழுதினார். அத்-தமீரியின் அகரவரிசை கெய்ரோவில். காசிச்செட்டியின் அகரவரிசை எங்கள் ஒல்லாந்தர் கோட்டைக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் வாரிசுகளாக நாம் இருந்திருக்க வேண்டும்.

பல்கலைக்கழக வாசல்

1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. விலங்கியல் அங்கே ஒரு பாடமாக வேரூன்றியது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே, கொழும்பு நூதனசாலையில் பி. ஈ. பி. டெரணியகல 1939இலிருந்து 1963 வரை பணிப்பாளராக இருந்து, இந்நாட்டு ஊர்வன பற்றியும் கடலாமைகள் பற்றியும் செய்த ஆய்வுகள் இன்றும் எடுத்துப் பார்க்கப்படுகின்றன.

இந்த வாசலுக்கு எங்கள் கரையோரப் பிள்ளைகள் வந்துசேர மிகக் காலம் எடுத்தது. காரணம் ஆர்வமின்மை அல்ல. உயர்தரத்தில் உயிரியல் படிக்க இரசாயனமும் பௌதிகமும் கற்பிக்கும் ஆசிரியர் வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும். நான் படித்த பாடசாலையில் இரசாயன ஆசிரியர் ஒருவர் இடமாற்றலாகிப் போனால் அடுத்தவர் வர ஒரு வருடம் ஆகும். நான் வெளியூரில் தங்கிப் படித்தே உயர்தரம் எழுதினேன். எழுபதுகளில் வந்த மாவட்ட ஒதுக்கீட்டு முறை பற்றிப் பல விவாதங்கள் உண்டு. யாழ்ப்பாணத்து மாணவருக்கு அது எத்தகைய காயத்தை ஏற்படுத்தியது என்பதை நாம் அறிவோம். அதே வேளையில் கல்வியில் பின்தங்கியவையாகக் கணிக்கப்பட்ட பதினாறு மாவட்டங்களில் புத்தளமும் ஒன்று. அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எங்களில் சிலர் பல்கலைக்கழகத்தின் மதிலைக்கூடக் கண்டிருக்க மாட்டோம் என்பதும் உண்மைதான். ஒரே சட்டம் ஒருவனுக்கு வாசலாகவும் இன்னொருவனுக்குச் சுவராகவும் இருக்கலாம் என்ற பாடத்தை நான் அங்கேதான் கற்றேன்.

தமிழில் உயர்தரம் எழுதிய நாங்கள் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டோம். முதல் வருடம் முழுவதும் அகராதியோடு போராட்டம். ஆனால் என்னை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. மீன் வகைகளைப் பற்றிய செய்முறை வகுப்பில் தட்டில் கிடந்தவை யாவும் எனக்குப் பழக்கமானவை. பாரை, கெளிறு, ஓரா, திரளி, சூடை, திருக்கை. அவற்றின் இலத்தீன் பெயர்களை நகரத்து நண்பர்கள் என்னைவிட விரைவாக மனனம் செய்தார்கள். ஓரா களப்புக்குள் எங்கே மேயும், எந்த நிலவில் வலையில் விழும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்த இரண்டு அறிவும் ஒரு தலைக்குள் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற எண்ணம் அப்போதே எனக்குள் விழுந்தது.

வீட்டில் உம்மாவின் கேள்வி வேறு. “டொக்டராகவும் இல்ல, இன்ஜினியராகவும் இல்ல, மீனையும் ஆமையையும் படிச்சு என்ன உத்தியோகம் மகன்?” அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. வனஜீவராசிகள் திணைக்களத்திலும் ஆய்வு நிறுவனங்களிலும் இடங்கள் மிகக் குறைவு. எண்பதுகளின் இறுதியில் பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடிக் கிடந்தன. வீட்டிலிருந்த அந்த மாதங்களில் அதே கேள்வி தினமும் கேட்டது. ஈற்றில் ஆசிரியத் தொழிலே எனக்கு வாய்த்தது.

பட்டமே இல்லாமல் இந்தத் துறையின் உச்சிக்குப் போன ஒருவரை இங்கே நினைவூட்ட வேண்டும். 1896இல் பம்பாயில் ஒரு போரா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சலீம் அலியை, விலங்கியல் பட்டம் இல்லை என்ற காரணத்தால் இந்திய விலங்கியல் ஆய்வகம் வேலைக்கு எடுக்கவில்லை. அவர் ஜேர்மனிக்குப் போய் பேர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மனிடம் முறையாகப் பறவையியல் பயின்றார். திரும்பி வந்தபோது முன்பு பார்த்த நூதனசாலை வேலையும் போயிருந்தது. வீட்டைச் சுற்றியிருந்த தூக்கணாங்குருவிக் கூடுகளைக் கவனிக்கத் தொடங்கினார். அதிலிருந்தே அவருடைய பெயர் பரவியது. இன்று கோயம்புத்தூருக்கு அருகே ஆனைகட்டியில் அவர் பெயரால் ஆய்வு மையம் இயங்குகிறது. மயிலாடுதுறைக்கு அருகே மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியலை முதுகலைப் பட்டத்துக்குப் படிக்கலாம். நமது நாட்டிலும் கதவுகள் கூடியிருக்கின்றன: றுகுணுப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடி, கடல் விஞ்ஞானங்களுக்கென்றே ஒரு பீடம், எமது வடமேல் மாகாணத்தின் வயம்பப் பல்கலைக்கழகத்தில் கால்நடை, மீன்பிடிப் படிப்பு, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறைப் பீடத்தில் உயிரியல். கற்பிட்டியிலேயே தேசிய நீர்வாழ் உயிரின ஆராய்ச்சி முகவர் நிலையமான நாராவின் பிராந்திய நிலையம் ஒன்று இருக்கிறது.

ஆவுளியாவின் கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எமர்சன் டெனன்ட் இலங்கை விலங்குகளைப் பற்றி எழுதியபோது மன்னார் வளைகுடாவில் கடற்பசுக்கள் மிகுதியாக இருந்ததைக் குறிப்பிட்டார். தாய் தன் குட்டியைத் துடுப்பால் அணைத்துப் பாலூட்டும் கோலமே கடற்கன்னிக் கதைகளுக்கு மூலமாக இருக்கலாம் என்றும் சொன்னார். இன்று எங்கள் வாலிபரில் பெரும்பாலானோர் உயிரோடு ஒன்றைக் கண்டதில்லை.

இந்தக் குறைவுக்குக் காரணம் ஒரு சிறு கணக்கில் அடங்கும். கடற்பசு ஒரு வருடத்துக்கு மேலாகக் கர்ப்பம் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருடங்கள் வரை ஆகும். எழுபது வயது வரை வாழக் கூடிய பிராணி என்றாலும் இந்த வேகத்தில் பெருகும் இனத்தில் வருடத்துக்குச் சில வளர்ந்த பெண் கடற்பசுக்கள் கூடுதலாக இறந்தாலே தொகை சரியத் தொடங்கிவிடும். அது நுரையீரலால் மூச்சுவிடுவது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். பருத்தி வலையை அறுத்துக்கொண்டு போகக்கூடிய அந்த உடல், நைலோன் வலை வந்தபின் அறுக்க முடியாமல் உள்ளேயே மூழ்கி இறந்தது. அதன் முதன்மை உணவு கடற்புல். இழுவை வலையும் களப்புக்குள் வந்து சேரும் அழுக்கும் கடற்புல்லை அழித்தன.

1937இன் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1970இல் கடற்பசுவுக்கும், அதையடுத்துக் கடலாமைகளுக்கும் பாதுகாப்பு வந்தது. பிடிப்பது குற்றம். ஆனால் அது ஏன் குற்றம் என்று வாடிகளில் வந்து விளக்கியவர் எவருமில்லை. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் கடல்வாழ் உயிரினங்கள் பொதுவாக ஆகுமானவை என்று அறிந்திருந்த மனிதருக்கு, ஆகுமான ஒன்று எப்படிக் குற்றமாகும் என்பது புரியவில்லை. ஆகுமானது என்பதும் அற்றுப்போகும் வரை பிடிக்கலாம் என்பதும் ஒன்றல்ல என்று எடுத்துச் சொல்ல, கிதாபும் தெரிந்து கடற்பசுவின் கர்ப்பகாலமும் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது. அப்படியொருவர் எங்களிடம் இருக்கவில்லை.

2015இலிருந்து சில வருடங்கள் எட்டு நாடுகளில் கடற்பசுவையும் கடற்புல்லையும் காக்கும் திட்டமொன்று ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் துணையோடு நடந்தது. இலங்கை அதில் ஒன்று. அதை நிறைவேற்றிய நிறுவனம் அபூதாபியைச் சேர்ந்தது. அவுஸ்திரேலியாவுக்கு அடுத்தபடியாகக் கடற்பசுக்கள் மிகுதியாக வாழ்வது அரபு வளைகுடாவில்தான். 1905இல் மரிச்சுக்கட்டிக்கு முத்துக்குளிக்க வந்த அரபிகளின் கடலும் அதுவே. எமக்கு எதிரே தமிழ்நாடு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. கடற்பசுவுக்கு எல்லைக்கோடு தெரியாது. அங்கே காக்கப்படுவது இங்கே வலையில் இறந்தால் இரு பக்க உழைப்பும் வீண்.

பவளத்தின் கதையும் இதைப் போன்றதே. கற்பிட்டிக்கு மேற்கேயுள்ள முருகைக்கற்பாறைத் தொகுதி 1992இல் ‘பார் றீப்’ சரணாலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பரப்பு 306 சதுர கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். 1998இல் கடல் அளவுமீறிச் சூடேறியபோது ஆழமற்ற பகுதியின் பவளங்கள் பெரும்பாலும் வெளிறி மடிந்தன. நாராவின் அர்ஜன் ராஜசூரிய போன்றவர்கள் வருடக்கணக்காக அதே இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் அளந்ததால்தான், பின்னர் மெல்ல மெல்லப் பவளம் மீண்டும் வளர்ந்ததும், 2016இல் மறுபடி வெளிறியதும் நமக்குத் தெரியும். அளந்து வைக்கப்படாத இழப்பு இழப்பாகவே கணக்கில் வராது.

தோணிகளும் காடும்

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களைப் புலிகள் சில நாட்களுக்குள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்களில் பலர் தோணிகளில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்கே வந்தார்கள். அந்தத் தோணிகள் அடைந்த கரையில் நானும் நின்றேன். நனைந்த உடுப்போடு முதியவர்களை இடுப்பளவு தண்ணீரில் தூக்கி இறக்கினோம். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் ஒரே இரவில் நிரம்பின. பிறகு தென்னந்தோட்டங்களிலே ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. சில மாதங்கள் என்று நினைத்தது இருபது வருடங்களாயிற்று.

வந்தவர்களிலே கடற்றொழிலாளர் இருந்தனர். அவர்களும் அதே களப்பில்தான் இறங்க வேண்டியிருந்தது. அதே காலத்தில் புத்தளக் கரையெங்கும் இறால் பண்ணைகள் பெருகிக் கண்டல் காடுகள் வெட்டப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகள் பலவற்றைப் பாழாக்கியது. வெட்டப்பட்ட கண்டலோ திரும்பவில்லை. களப்பின் சுமை கூடியதையும் மீன் குறைந்ததையும் வைத்து, வந்தவருக்கும் இருந்தவருக்கும் மனத்தாங்கல் வளர்ந்தது. இதில் எவ்வளவு ஆட்தொகையால், எவ்வளவு கண்டல் அழிவால் என்று பிரித்துக் காட்டக்கூடிய ஆய்வொன்று ஊரின் கையில் இருந்திருந்தால் வீண்பழிகள் பல குறைந்திருக்கும்.

போர் 2009இல் முடிந்தது. முசலி மக்கள் திரும்பிப் போனபோது ஊர் காடாகியிருந்தது. 2012 ஒக்டோபரில் மரிச்சுக்கட்டி, கரடிக்குளி முதலிய இடங்களை உள்ளடக்கிய பகுதிகள் ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. தரையில் வந்து விசாரிக்காமலே எல்லை போட்டார்கள் என்பது மக்களின் முறைப்பாடு. 2015இல் வில்பத்துவை முஸ்லிம்கள் அழிக்கிறார்கள் என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. 1938இல் தேசிய வனமாக்கப்பட்ட வில்பத்து வேறு, அதற்கு வடக்கேயுள்ள இந்த ஒதுக்கக் காடு வேறு என்ற அடிப்படை வேறுபாடுகூட அந்த இரைச்சலில் மறைந்துபோயிற்று. 2017இல் இன்னும் விரிந்த பரப்பு மாவில்லு பேணற்காடாக அறிவிக்கப்பட்டது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாற்றுப் பகுதியில் காடு சட்டவிரோதமாக வெட்டப்பட்டது என்று தீர்ப்பளித்து, மீண்டும் மரம் நடும் செலவை முன்னாள் அமைச்சர் ஒருவர் ஏற்க வேண்டும் என்றது.

இந்த விவகாரத்தில் இரு பக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்க என்னால் முடியாது. மக்களுக்குத் திரும்பிப் போகும் உரிமை உண்டு. காட்டுக்கும் அதில் வாழும் யானைக்கும் கரடிக்கும் இருக்க இடம் வேண்டும். கேள்வி ஒன்றுதான்: எது பழைய ஊர், எது பழைய காடு? இதற்குச் சூழலியல் பதில் சொல்ல முடியும். இருபது வருடம் கைவிடப்பட்ட ஊரில் எழும் பற்றைக்காட்டின் மரங்கள் வேறு. நூற்றாண்டுக் காட்டின் மரங்கள் வேறு. பாலையும் வீரையும் முதிர்ந்து நிற்கும் இடத்தையும், புளியும் பனையும் தூர்ந்த கிணறும் கிடக்கும் இடத்தையும் படித்த கண் பிரித்தறியும். அடிமரத்தின் பருமனை அளந்து, இனங்களை எண்ணி, வரைபடத்தில் குறித்துக் கொடுத்தால் அது எந்த நீதிமன்றத்திலும் சாட்சி. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியராக இருந்து 2018இல் மறைந்த எஸ். எச். ஹஸ்புல்லாஹ், எருக்கலம்பிட்டியிலிருந்து வந்தவர். வெளியேற்றப்பட்டோரின் தொகையையும் இழப்பையும் காணியையும் அளந்து எழுதியவர். அவருடைய ஏடுகள் இல்லாவிட்டால் அந்த வெளியேற்றம் வெறும் ஒப்பாரியாகவே எஞ்சியிருக்கும். நிலத்துக்கும் மனிதருக்கும் ஒரு ஹஸ்புல்லாஹ் கிடைத்தார். காட்டுக்கும் கடலுக்கும் அப்படியொருவரை நாம் இன்னும் உருவாக்கவில்லை.

அதனால் நேர்ந்த தீங்கு பெரியது. இயற்கைப் பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எம் இளைஞர் அதைத் தமக்கு எதிரான சதி என்று எண்ணத் தொடங்கிவிட்டனர். தெற்கிலோ முஸ்லிம் காணி கேட்டால் அது காடழிப்பு என்று எண்ணுகிறார்கள். இந்த இரண்டு எண்ணத்துக்கும் இடையில் கடற்பசுவுக்காகவோ காட்டுக்காகவோ பேச எவரும் மிஞ்சுவதில்லை.

பிள்ளைகளை மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மட்டுமே அனுப்பத் துடிக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். உயர்தர உயிரியலில் தேறி மருத்துவத்துக்கு ஒரு சில புள்ளிகள் குறைந்தவுடன் பிள்ளையின் வாழ்வே பாழாகிவிட்டது என்று அழ வேண்டாம். விலங்கியல், சூழலியல், கடல் விஞ்ஞானம் என்று கதவுகள் திறந்தே இருக்கின்றன. உத்தியோகம் இலேசில் கிடைக்காது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் எல்லை போடும் மேசையில், சரணாலயம் அறிவிக்கும் குழுவில், வலைத்தடை விதிக்கும் கூட்டத்தில் எம்மவர் இல்லாததற்கு நாம் ஏற்கனவே கொடுத்த விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த மேசையில் இருப்பவர் தம் சமூகத்துக்காக மட்டும் வாதாடுபவராக இருந்தாலும் போதாது. வெட்டியது எம்மவராயினும் வெட்டியதே என்று எழுதக் கூடியவராக இருந்தால்தான் அவருடைய மற்ற வார்த்தைகளுக்கும் மதிப்பு வரும்.

ஒரு சிறு வேலையோடு தொடங்கலாம். கற்பிட்டி, உச்சமுனை, பத்தலங்குண்டு, காரைதீவுப் பகுதிகளின் முதிய கடற்றொழிலாளர், முஸ்லிம், தமிழர், சிங்களவர் என்ற பேதமின்றி, கடலுயிர்களுக்கு வழங்கும் பெயர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. எந்தப் பெயர் எந்த இனம், அது முன்பு எங்கே மேய்ந்தது, எந்த வருடத்துக்குப் பிறகு காணவில்லை என்று அவர்களோடு இருந்து எழுதிக்கொள்ள வேண்டும். பட்டப்படிப்பின் இறுதி வருட ஆய்வுக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. கண்டதைக் கண்டதென்றும் கேட்டதைக் கேட்டதென்றும் பிரித்து எழுதினால் போதும். அந்த முதியவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகிறார்கள். தூண்டிலும் வலையும் அறிந்த வீட்டில் பிறந்த ஒரு மாணவனோ மாணவியோ குறிப்புப் புத்தகத்தோடு அவர்களின் வாடிக்கு இந்த வருடமே போனால் நல்லது.